படகுக்குப் பேட்டரி பார்த்த ஆராயி

ஆராயி சோடா உப்பைச் சுடுதண்ணீரில் கரைத்துப் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் ஊற்றிக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்த உப்பு நுரைத்து வழிந்தது. வலது கைச் சுட்டுவிரலில் பாதி நகம்தான் உண்டு. மீதியை ஆசிட் தின்றுவிட்டது. புடவைக்கு மேலே போட்டிருந்த காக்கிச் சட்டையிலும் அதே கதைதான், வயிற்றுப் பக்கம் முழுக்கச் சல்லடை.

இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. பிரஷ்ஷையும் நிறுத்தவில்லை.

மணி நாலே கால் இருக்கும். தினமும் இந்த நேரத்துக்கு அது அதிரும். எடுத்துப் பார்த்தால் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். போனை மாற்றிப் பார்த்தாள். ஒருநாள் வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். அன்றைக்கும் நாலே காலுக்கு இடுப்பில் அதே இடம் அதிர்ந்தது. ஓமலூர் ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தாள், சர்க்கரை பார்த்தாள், இரண்டும் வயசுக்கு ஏற்ற அளவில் இருந்தன. நரம்பு ஊசி ஒன்று போட்டு அனுப்பினார்கள். ஊசி போட்ட இடம் இரண்டு நாள் வலித்ததுதான் மிச்சம்.

ஆராயிக்கு ஐம்பத்தேழு வயது. ஓமலூரிலிருந்து மேற்கே போகும் ரோட்டில், லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் அவளுடைய பேட்டரிக் கடை. கடை ஆரம்பத்தில் அவள் புருஷன் தனசேகருடையது. லாரிக்கும் டிராக்டருக்கும் போர் போடும் ரிக் வண்டிக்கும் பேட்டரி சார்ஜ் போடுவது, பழசை வாங்கிச் சரிசெய்து விற்பது அவன் தொழில். நாற்பத்தெட்டாம் வயதில் அவனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. சாப்பாடு ஊட்டி, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டு, நடுநடுவே கடையையும் பார்த்தாள் ஆராயி. பிறகு அவனையே தூக்கி வந்து கடையில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். அவன் இடது கையால் காட்டுவான், அவள் செய்வாள். ஆறு வருஷம் அப்படி ஓடியது. அவன் போனபோது ஒரு லாரியின் பேட்டரிப் பெட்டியைத் தனியாகக் கழற்றி மாட்ட அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவன் சொல்லிக் கொடுத்ததில் முக்கியமானது இரண்டு. பேட்டரி நல்லதா என்று பார்க்க செல்ஃப் அடித்துப் பார். கடை பெஞ்சில், எஞ்சினைக் கிளப்புகிற பழைய டிராக்டர் செல்ஃப் மோட்டார் ஒன்றை போல்ட் போட்டு இறுக்கி வைத்திருந்தான். பேட்டரியைச் சேர்த்ததும் அது உறுமிச் சுற்ற வேண்டும். மூன்று முறை உறுமினால் நல்ல பேட்டரி. இரண்டாவது, வழியில் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பதற வேண்டாம், பத்து நிமிஷம் விட்டுவிட்டு மறுபடி அடி, எடுத்துக்கொள்ளும்.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் காஷ்மீர்வரை போய் வந்தார்கள். பொய்யில்லை. லாரிக்கு இரண்டுமே சரி.

கடையின் மூலையில், தகரத்துக்குக் கீழே, ஒரு லாரி பேட்டரி தனியாக நின்றது. விலை கேட்பவர்களிடம் ஆராயி “அது விக்கிறதுக்கில்லீங்க” என்பாள். பழைய ஈயத்துக்கு எடுப்பவன் மாதம் ஒருமுறை வந்து அதைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டுப் போவான். காலையில் கடை திறந்ததும் அவள் செய்யும் முதல் வேலை அதன் முனைகளில் வோல்ட் மீட்டரை வைப்பது. பன்னிரண்டு புள்ளி ஏழு என்று காட்டும். நிறைந்த பேட்டரி காட்டும் கணக்கு அதுதான். குறைந்தால் சார்ஜ் போடுவாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

அது சென்றாயனின் படகில் இருந்த பேட்டரி.

பூலாம்பாறை ஏரியில் படகுச் சவாரி வந்து ஐந்து வருஷம் ஆகிறது. குடிதண்ணீர் ஏரி என்பதால் பெட்ரோல் மோட்டார் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எட்டுப் பேர் உட்காரும் ஃபைபர் படகில், பின்னால் தண்ணீருக்குள் தொங்குகிற கரண்டு மோட்டாரை மாட்டினார்கள். ஓட்டுவதற்குச் சென்றாயனை வைத்தார்கள். ஏரியில் வலை போட்டு வளர்ந்தவன், முப்பத்தெட்டு வயது, வாய் ஓயாமல் பேசுவான். பேட்டரி எடுக்க ஆராயி கடைக்கு வந்தபோது அவனிடம் அவள் இரண்டைக் காட்டினாள். ஒன்று வீட்டு இன்வர்ட்டரில் வைக்கும் உயரமான பேட்டரி. இன்னொன்று ரிக் லாரியில் இருந்து வந்த பழைய பேட்டரி. இரண்டையும் செல்ஃப் அடித்துக் காட்டினாள். இன்வர்ட்டர் பேட்டரி முனகியது. லாரி பேட்டரி உறுமிய உறுமலில் பெஞ்சே நகர்ந்தது.

“இது போதுமுங்க்கா. மோட்டாரு கெட்டாலும் இந்தச் சத்தத்துலயே படகு போயிரும்” என்று சென்றாயன் சிரித்தான்.

ஆராயியும் சிரித்தாள். “எடுத்துட்டுப் போ. சுண்டிவிட்ட மாதிரி ஓடும்.”

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மேல்காற்று தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. ஏரியில் வெளியூர்க் குடும்பம் ஒன்று, குழந்தைகளோடு ஏழு பேர், படகில் இருந்தார்கள். நடு ஏரியில் மோட்டார் நின்றது. அப்போது மணி நாலே கால். ஆராயி ஒரு லாரியின் அடியில் படுத்துக்கொண்டு, இரண்டு கையிலும் ஆசிட் ஈரத்தோடு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசினாள்.

“அக்கா, மோட்டாரு இழுக்கலீங்க. மீட்டர்ல பன்னெண்டரை காட்டுது. என்ன பண்ணட்டும்?”

“பன்னெண்டரை இருந்தா பேட்டரி நல்லாத்தான் இருக்குது. ஒண்ணும் பண்ணாத. பத்து நிமிசம் சும்மா விட்டுட்டு அப்புறம் போடு.”

“சரிங்க்கா.”

அவன் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தான். சொன்னதை அப்படியே கேட்கிறவன். அந்தப் பத்து நிமிஷத்தில் காற்று படகைத் தள்ளிக்கொண்டு போய், தண்ணீர் வழிந்துகொண்டிருந்த கலிங்குக்கு முப்பதடி பக்கத்தில் விட்டது. மறுபடி மோட்டாரைப் போட்டபோது நாலு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தான். படகைக் கலிங்குக் கல்லில் அணைத்துப் பிடித்து ஏழு பேரையும் கல்மேல் ஏற்றினான். கடைசிக் குழந்தையைத் தூக்கிக் கொடுத்த பிறகு கயிறு அறுந்து, அவன் கலிங்கைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டான். மறுநாள் மத்தியானம்தான் கிடைத்தான்.

அந்தக் குடும்பம் போலீசில் சொல்லிவிட்டு ஊருக்குப் போனது. படகு நின்றதும் அவன் போனில் யாரோ ஒரு பெண்ணோடு பேசினான், பேசிவிட்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தான் என்பது அவர்கள் சொன்னது. போன் தண்ணீரோடு போய்விட்டது. யாரோடு பேசினான் என்று தேடிப் பார்க்க யாரும் மெனக்கெடவில்லை. விபத்து என்று எழுதி முடித்தார்கள். படகிலிருந்து கழற்றிய பேட்டரி ஆராயி கடைக்கே திரும்பி வந்தது.

ஆனால் கரையில் இருந்த டீக்கடையில் அது முடியவில்லை. ஏழு உசுரை வைத்துக்கொண்டு எவளோடோ கொஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று ஆனது. அப்புறம் அவளுக்கு ஒரு ஊர் வந்தது. தாரமங்கலத்துக்காரி என்றார்கள். அப்புறம் ஒரு வயசு வந்தது. சென்றாயன் பெண்டாட்டி சுகன்யா தண்ணிக்குப் போனால் பேச்சு நின்றது.

ஆராயி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஆசிட் ஊற்றினாள். வாயைத் திறக்கவில்லை.

வாய்தான் திறக்கவில்லையே தவிர, கால் சும்மா இருக்கவில்லை. சேலத்தில் பேட்டரி ஆட்டோக்களுக்கு வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கைத் தேடிப் போய் அவர் கடையில் ஒருநாள் முழுக்க நின்றாள். என்ன தவறு என்று அங்கேதான் தெரிந்தது. தெரிந்த பிறகு சாப்பாடு இறங்குவது நின்றது. மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ இளைத்தாள்.

இந்த வருஷம் ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கடை வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவள் சுகன்யா.

“ஆராயிக்கா, இருக்கீங்களா?”

ஆராயியின் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டே, “இல்லாம எங்க போறேன், வா சாமி” என்றாள்.

“ஏனுங்க்கா, சட்டைன்னு போட்டிருக்கீங்களா, கொசுவலைன்னு போட்டிருக்கீங்களா?”

“காத்தோட்டமா இருக்கட்டும்னு போட்டிருக்கறேன். ஒக்காரு.”

சுகன்யா உட்காரவில்லை. மூலையிலிருந்த பேட்டரிக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். அது எது என்று அவளுக்குத் தெரியாது. ஏரிப் படகை இந்த வருஷம் தங்கள் மகளிர் குழுவே குத்தகைக்கு எடுத்திருப்பதாகச் சொன்னாள். மோட்டாரைச் சரிசெய்தாகிவிட்டது. பேட்டரிதான் வேண்டும்.

“படகு யாரு ஓட்டறது?”

“நாந்தான்.”

ஆராயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நீச்சல் தெரியுமா?”

“தெரியுமுங்க. அவருக்குந்தான் தெரிஞ்சிருந்துச்சு.”

ஆராயி கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

“அவரு வச்சிருந்தாரே, அதே மாதிரி லாரி பேட்டரி குடுங்க. முந்தியவிடப் பெருசா. நல்லா செல்ஃப் அடிச்சுப் பார்த்துக் குடுங்கன்னு எல்லாரும் சொல்லி அனுப்பிச்சாங்க.”

“அது வேண்டாம்.”

“ஏனுங்க?”

“லாரி பேட்டரிங்கறது மூட்டையை ஒரே மூச்சுல லாரிமேல ஏத்திப் போடற ஆளு. ஏத்திட்டா அவன் வேலை முடிஞ்சுது. அப்புறம் வண்டி ஓட ஓட எஞ்சினே அவனுக்குச் சோறு போட்டுரும். அதே ஆளைக் கூப்பிட்டு, மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டுத் தாரமங்கலம் வரைக்கும் நடன்னா சுருண்டு விழுந்துருவான். படகுல எஞ்சின் இல்லை. நடந்துக்கிட்டே இருக்கோணும், சோறும் கிடையாது.”

தாரமங்கலம் என்ற பேரைக் கேட்டதும் சுகன்யாவின் தாடை இறுகியதை ஆராயி பார்த்தாள். வேறு ஊர் சொல்லியிருக்கலாம்.

“அப்ப அவருக்கு மட்டும் ஏன் அதைக் குடுத்தீங்க?”

“அப்ப எனக்குத் தெரியாது.”

பாதி உண்மை.  ஆராயி ஸ்பேனரைத் துடைத்து ஆணியில் மாட்டினாள்.

“மூணு நாள் குடு. பார்த்து வைக்கிறேன். கண்ணால பார்க்காம நீ எதையும் எடுக்க வேண்டாம். தினமும் வந்துட்டுப் போ.”

அன்றைக்கே பலகை ஒன்றில் ஆறு பல்புகளை வரிசையாகப் பொருத்தினாள். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டிகளில் இருந்து கழற்றிய ஹெட்லைட் பல்புகள். ஆறும் சேர்ந்து எரிந்தால் இழுக்கும் கரண்டும் படகு மோட்டார் நடுத்தர வேகத்தில் இழுக்கும் கரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. செல்ஃப் அடிப்பதை விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் எரிகிறது என்று பார்க்கும் முறை. சேலத்து மெக்கானிக்கிடம் கற்றது. நல்ல வெயிலில், பட்டப்பகலில், ஆறு ஹெட்லைட்டும் கடை வாசலைப் பார்த்து எரிந்தன. போகிற லாரிக்காரர்கள் கண் கூசித் திட்டினார்கள்.

“ஏனாத்தா, கடைக்கு அம்மன் வந்திருக்குதா, இத்தனை வெளிச்சம்?”

“உன் லைட்டைத் துடைச்சு மாட்டியிருந்தா நீயும் அம்மன்தான், போ.”

புதன்கிழமை சுகன்யா வந்தாள். இன்வர்ட்டர் பேட்டரியில் பல்புகள் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டி எரிந்துகொண்டிருந்தன.

“இது நல்லாத்தானே இருக்குதுங்க்கா? அன்னைக்கு இது முனகுச்சுன்னு அவரு சொல்லிச் சிரிச்சாரு.”

அவன் வீட்டில் போய் அதைச் சொல்லியிருக்கிறான். ஆராயி பேட்டரியின் மூடியைத் தட்டிக் காட்டினாள்.

“நல்லதுதான். முனகினாலும் நாள் பூரா நடக்கற சாதி. ஆனா இதோட ஒசரத்தைப் பாரு. உள்ள ஆசிட் தண்ணி. குழந்தைங்க ஒரே பக்கமா எந்திரிச்சு நின்னு படகு சாஞ்சா மூடி வழியா ஒழுகும். எங்கையைப் பாரு, இந்தத் தண்ணிதான். அது குழந்தை கால்ல வேண்டாம்.”

இன்னொன்றையும் காட்டினாள். லித்தியம் பேட்டரி, சுகன்யா ஒரு கையால் தூக்கிவிட்டாள்.

“அட, இது பஞ்சாட்டம் இருக்குதே!”

“நல்ல சரக்குதான். கடைசி வரைக்கும் ஒரே வேகம். ஆனா தீரும்போது தீருதுன்னு சொல்லாது, பொசுக்குன்னு நின்னுரும். எவ்வளவு மிச்சம்னு காட்டற தனி மீட்டரு வச்சுப் பழகினவங்களுக்கு அது ஆகும். எனக்கு அதைப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. எனக்குத் தெரியாததை உன் காலடியில வைக்க மாட்டேன்.”

மூன்றாவது ஜெல் பேட்டரி. நாலாபக்கமும் மூடியது, உள்ளே ஆசிட் கூழாக இருப்பதால் கவிழ்ந்தாலும் கொட்டாது. தீரத் தீர வேகம் குறைந்து, தீர்கிறேன் என்று சொல்லும். அதன் பலத்தில் பாதிக்கு மேல் செலவழிக்கக் கூடாது. ஒரு சவாரி இருபது நிமிஷம், நாளுக்கு எட்டுச் சவாரி என்று சுகன்யா சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால் இரண்டு ஜெல் பேட்டரி சேர்த்துப் போட வேண்டும். அதோடு மூன்றாவது ஒன்று தனியாக. அதை எந்தச் சவாரிக்கும் தொடக் கூடாது. நடு ஏரியில் நின்றால் சுவிட்சை மாற்றிக் கரைக்கு வர மட்டும்.

“மூணா! ஒண்ணொண்ணும் முப்பது கிலோங்கறீங்க. அப்ப ரெண்டு பேரைக் குறைச்சுத்தான் ஏத்தோணும். குழுவுல என்னை மென்னு துப்பிருவாங்க.”

“துப்பட்டும். ரெண்டு பேரைக் குறை. பக்கத்துல ரெண்டு துடுப்பு போட்டுக்க. அவனுக்குத் துடுப்பு கூட இல்லை.”

சுகன்யா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “உங்களுக்கு என்னமோ எல்லாம் தெரிஞ்சிருக்குது” என்றாள்.

வியாழக்கிழமை ஜெல் பேட்டரிகளில் பல்புகள் எரிந்தன. சுகன்யா காலையில் வந்தவள் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, எரியும் பல்புகளைக் கண் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் இருவரும் கட்டுச்சோறு சாப்பிட்டார்கள். ஆராயி இரண்டு கவளத்தோடு மூடி வைத்தாள்.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். நீங்க நாலு ஊரு லாரிக்காரங்களைப் பார்க்கறவங்க. அவரு அன்னைக்கு போன்ல பேசினது எவளோடன்னு உங்க காதுல ஏதாவது விழுந்துச்சா?”

ஆராயி கை கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

“செத்தது கூடப் பரவால்லீங்க்கா. ஏழு பேரைக் காப்பாத்திட்டுத்தான் போனாரு. ஆனா அந்தப் பத்து நிமிசம் ஏன் ஒக்காந்திருந்தாரு? அப்படி என்ன சொன்னா அவ? ஊட்டுல படுத்தா அந்தப் பத்து நிமிசம்தான் ஓடுது. எனக்குப் பைத்தியம் பிடிச்சிருமாட்டம் இருக்குது.”

நோயாளியிடம் பொய் சொல்லலாம், ஒரு நாள், இரண்டு நாள். நோய்க்குக் காரணமே நாமாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டிருக்க முடியாது. ஆராயி குழாயை மூடினாள். மூலைக்குப் போய், தகரத்துக்குக் கீழிருந்த பேட்டரியை இழுத்து வந்து பெஞ்சடியில் வைத்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது.

“இதைப் பாரு. மீட்டர் என்ன காட்டுது?”

“பன்னெண்டு ஏழு.”

செல்ஃப் மோட்டாரில் சேர்த்தாள். உறுமியது. மூன்று முறையும் பெஞ்சு அதிர உறுமியது.

“நல்ல பேட்டரியா, கெட்டதா?”

“நல்லதுதான்.”

பல்புப் பலகையை ஜெல் பேட்டரியிலிருந்து கழற்றி இதில் சேர்த்தாள். ஆறும் பளீரென்று எரிந்தன. ஐந்தாவது நிமிஷம் வெள்ளை மஞ்சளானது. பத்தாவது நிமிஷம் மஞ்சள் சிவப்பானது. கடைசியில் ஆறு கண்ணாடிக்குள்ளும் ஆறு சிவப்பு நூல் மட்டும் தெரிந்தது. அதுவும் போனது. பல்பைக் கழற்றிவிட்டு, “பத்து நிமிசம் விடு” என்றாள் ஆராயி. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

பத்து நிமிஷமும் ஆராயி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரோட்டில் ஒரு ரிக் லாரி போனது. அதன் பிறகு மீட்டரை வைத்தாள்.

“அக்கா, ஏறிருச்சு பாருங்க! பன்னெண்டரை காட்டுது!”

“ஆமா. இதைத்தான் அவன் பார்த்தான்.”

“யாரு?”

“சென்றாயன். மோட்டாரு இழுக்கலீங்க்கா, மீட்டர்ல பன்னெண்டரை காட்டுதுன்னான். மீட்டரு சும்மா காட்டும் சாமி, உள்ள ஒண்ணும் இருக்காது. எனக்கு அப்பத் தெரியலை. பத்து நிமிசம் சும்மா விட்டுட்டுப் போடுன்னு சொன்னேன். லாரிக்காரனுக்குச் சொல்ற மாதிரி. லாரிக்கு ஒரு அடி போதும், எஞ்சின் எடுத்துக்கும். படகுக்கு அது ஆகாது. அவன் நான் சொன்னதுக்காக ஒக்காந்திருந்தான். அவன் பேசினது எங்கூட.”

சுகன்யாவின் முகத்தில் முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு அவள் சிரித்தாள். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு, சட்டென்று நின்றுவிட்டது.

“நீங்களா? அந்தப் பொம்பளை நீங்களா?”

“நாந்தான்.”

“ரெண்டு வருசமா எவ எவ மூஞ்சியவோ பார்த்துக்கிட்டுத் திரிஞ்சனே. சந்தையில பார்த்தேன், பஸ்ஸுல பார்த்தேன். எந்தங்கச்சி மூஞ்சியக் கூட உத்துப் பார்த்தேன் நான். அவ எங்கூடப் பேசறதை நிறுத்திட்டா.” மூச்சு வாங்கியது. “கடைசியா என்ன சொன்னாரு?”

“சரிங்க்கான்னான்.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லை.”

சுகன்யா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குனிந்தாள். ஆராயி கையை நீட்டிவிட்டுப் பாதியில் இழுத்துக்கொண்டாள். தண்ணீர் மொண்டு வந்து எட்டும் இடத்தில் வைத்தாள். அதைத்தான் அவள் செய்யலாம்.

“ஏன் சொல்லலை?”

“கடை போயிரும்னு பயந்தேன். அப்புறம் நாள் ஆக ஆக வாய் எந்திரிக்கலை.”

“அவரை அப்படிப் பேசறாங்கன்னு தெரியுந்தானே?”

“தெரியும்.”

தண்ணீர்ச் சொம்பைச் சுகன்யா தொடவில்லை. எழுந்து, ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்த மூணு பேட்டரியும் எடுத்துக்கறோம். காத்தால ஏரிக்குக் கொண்டாந்து நீங்களே மாட்டிக் குடுக்கோணும்.”

“வாரேன்.”

“ஏழு மணிக்கு வாங்க. அப்பத்தான் டீக்கடையில எல்லாம் இருப்பாங்க. எங்கிட்ட சொன்ன மாதிரியே அங்க சொல்லோணும். ஒரு வார்த்தை கூட்டிக் குறைச்சுச் சொல்லக் கூடாது.”

மறுநாள் காலை ஆறரைக்கே, ஆராயி வாடகைக்குப் பிடித்த குட்டியானை வண்டி கரையில் வந்து நின்றது. மேல்காற்று அப்போதே எழுந்திருந்தது. டீக்கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். குழுப் பெண்கள் நாலு பேர் தள்ளி நின்றார்கள். சுகன்யா படகுக்குள் துடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

கடைக்காரர் வீரபாகு டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். “என்ன ஆராயி, காத்தாலயே பேட்டரியோட?”

“ஒண்ணு சொல்லோணும். எல்லாரும் கேளுங்க.”

அவள் சொன்னாள். நாலே கால், லாரிக்கு அடியில் படுத்திருந்தது, அவன் கேட்டது, தான் சொன்னது, அவன் “சரிங்க்கா” என்றது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சொல்லி முடித்தபோது ஒருவர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். ஒருவர் காறித் துப்பினார். அது யாருக்கென்று தெரியவில்லை.

“நான் அப்பவே சொன்னேன், அவன் அப்படிப்பட்ட ஆளு இல்லைன்னு” என்றார் வீரபாகு.

படகிலிருந்து சுகன்யாவின் குரல் வந்தது. “எப்ப சொன்னீங்க மாமா?”

வீரபாகு டீயை ஆற்றினார். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

“லாரி பேட்டரின்னா யாரா இருந்தாலும் செல்ஃப் அடிச்சா எடுக்குதா இல்லையான்னுதான் பார்ப்போம். எங்கப்பனும் அதைத்தான் பார்த்தான்” என்று யாரோ முனகினார்கள். “பொம்பளைகிட்டக் கடையைக் குடுத்தா இப்படித்தான்” என்றார் இன்னொருவர். 

ஆராயி வண்டியிலிருந்து பேட்டரியை இறக்கினாள். ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கப் பார்த்தபோது, மறுபக்கக் கைப்பிடியைச் சுகன்யா பிடித்தாள். மூன்றையும் இருவருமாகச் சுமந்து, படகின் நடுவில், அடித்தட்டோடு ஒட்டி வைத்தார்கள். ஆராயி பட்டை போட்டு இறுக்கினாள், ஒயர்களைச் சேர்த்தாள், சுவிட்சை மூன்று முறை மாற்றிப் போட்டுக் காட்டினாள். சுகன்யா தானும் மூன்று முறை மாற்றிப் போட்டாள்.

குழுப் பெண்கள் நாலு பேரும் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். ஆராயியை யாரும் கூப்பிடவில்லை. அவளும் ஏறவில்லை. படகு காற்றுக்கு எதிராக, மெதுவாக, மேற்கே போனது. அது ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிக் கரைக்கு வந்து, சுகன்யா கயிற்றைக் கட்டி முடிக்கும்வரை ஆராயி தண்ணீர் ஓரத்தில் நின்றாள். அப்புறம் கம்பிகளையும் ஸ்பேனரையும் பையில் போட்டுக்கொண்டு, கடை திறக்க எட்டேகால் பஸ்ஸைப் பிடித்தாள்.